சாச்சனிடம் யார் சொல்வது

அங்கமாலியிலிருந்து இரண்டு பஸ் மாறி, தீக்கோய் ஊரில் இறங்கி, ரப்பர் தோட்டத்து மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்த ரின்சியை வாசலில் யாரும் எதிர்கொள்ளவில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. முன்னறையில் அவளுடைய அப்பா தேவஸ்யாச்சன் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு கட்டடம் புகைந்துகொண்டிருந்தது. உக்ரைனில் முந்தின நாள்தான் சண்டை தொடங்கியிருந்தது. ரின்சியின் தம்பி எபின் அங்கே கார்கிவ் நகரத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான்.

"சாச்சா," என்று கூப்பிட்டாள். அப்பாவை அவளும் எபினும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அம்மா அவர்களுக்கு அம்மச்சி.

"வந்தியா? இரு, மறுபடி காட்டுவான் பாரு. இது நம்ம பையன் காலேஜ் இருக்கற தெருவா இல்லையா, சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் போயிருக்கேனா?"

"போகலைன்னா என்ன, போட்டோ அனுப்பியிருக்கானில்ல? அந்த மஞ்சள் சுவரைப் பாரு."

மஞ்சள் சுவர் அதற்குள் மறைந்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது. அவர் கண்ணை எடுக்காமல் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா த்ரேஸ்யாம்மா அடுக்களையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் "டிக்சன் எப்படி இருக்கான்? சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவான்?" என்று மருமகனை விசாரித்தாள். "அவரே பாத்துக்குவாரு அம்மச்சி. நீ போய் அவங்க கூட இருன்னு அவருதான் அனுப்பினாரு," என்றாள் ரின்சி. அம்மா தலையசைத்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அழுகை இல்லை, புலம்பல் இல்லை. அப்பாவின் பதற்றத்தைவிட இந்த அமைதிதான் ரின்சியைப் பயமுறுத்தியது.

வரும் வழியிலேயே எபின் போன் பண்ணியிருந்தான். ஹாஸ்டலுக்கு அடியில் இருந்த நிலவறைக்குள் எல்லோரும் இறங்கிவிட்டார்களாம். "நல்ல சூடா இருக்கு, ரொட்டியும் சூப்பும் கிடைக்குதுன்னு வீட்ல சொல்லியிருக்கேன் சேச்சி," என்றான்.

"நெசமா?"

"சூடாவது மண்ணாவது. காலை நீட்ட இடமில்ல. பிஸ்கட் இருக்கு. தண்ணிதான் கொஞ்சம் கஷ்டம்."

பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருந்ததால் ரின்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வீட்ல ரொட்டியும் சூப்புமே இருக்கட்டும். நெசத்தை என்கிட்ட மட்டும் சொல்லு. சாச்சனுக்கு பிரஷர் இருக்கு, தெரியுமில்ல? இங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன். நீ உன்னைப் பாத்துக்கோ."

"சரி," என்றான் அவன். அந்தப் பேச்சை இரண்டு பேருமே காப்பாற்றுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள்.

அன்று முதல் வீட்டில் ஒரு நாடகம் நடந்தது. எபின் மதியத்தில் கூப்பிடுவான். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைப்பார்கள். "இன்னைக்கு சூப்புல உருளைக்கிழங்கு போட்டிருந்தாங்க," என்பான். "சீட்டு விளையாடறோம்," என்பான். அப்பா, "சத்தம் கேக்குதா மோனே?" என்று கேட்டால், "எங்கேயோ தூரத்துல. சர்ச் பெருநாள் வெடி மாதிரி," என்பான். ஒருமுறை அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏதோ பெரிதாக அதிர்ந்து, பின்னால் ஒரு பெண் வீறிட்டாள். எபின் ஒரு நொடி நிறுத்தி, "யாரோ பாத்திரத்தைக் கீழ போட்டுட்டாங்க," என்றான். போனை வைத்த பிறகு ரின்சி அளவுக்கு மீறிச் சிரித்தாள். "பாத்திரத்துக்குப் போய் அந்தக் கத்து கத்தறா. பொண்ணுங்க இருக்காங்களே!" அம்மா அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

டிவிதான் பெரிய தொல்லையாக இருந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். தட்டு ஆறிப்போய்த் திரும்பி வரும். ஒருநாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் ரின்சி டிவிக்குப் பின்னால் கையை விட்டு கேபிளைத் தளர்த்திவைத்தாள்.

"கேபிள் போயிடுச்சு சாச்சா. ஆள் வர நாளாகுமாம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சாலை வளைவில் இருந்த பாப்பச்சனின் தேநீர்க்கடைக்கு இறங்கிப் போய்விட்டார். அங்கேயும் டிவி இருந்தது. டிவியோடு பாப்பச்சனும் இருந்தார். அவர் தேநீர் கிளாஸ்களை மேசைமேல் நகர்த்திக் காட்டிப் போர் நடத்துகிறவர். அப்பாவைக் கூட்டிவரப் போன ரின்சி வாசலில் நின்றபடி பாப்பச்சன் பேசுவதைக் கேட்டாள்.

"இந்த கிளாஸ் ரஷ்யாக்காரன்னு வையி. இது நம்ம பையனுங்க. ரஷ்யாக்காரன் இந்தியாக்காரனைத் தொடமாட்டான் தேவஸ்யாச்சா. அந்தக் காலத்துலேர்ந்தே நமக்கும் அவனுக்கும் ஒரு இது உண்டு."

"அது குண்டுக்குத் தெரியுமாடா?" என்றார் அப்பா.

பாப்பச்சன் கிளாஸைக் கீழே வைத்தார். ரின்சி உள்ளே போய், "சாச்சா, கேபிள் வந்துடுச்சு," என்று சொல்லி அவரைக் கூட்டிவந்தாள்.

அம்மாவின் விஷயம் வேறு மாதிரி இருந்தது. அடுக்களை வேலை முடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்குப் பின்பக்கம் போய்விடுவாள். அங்கிருந்து முணுமுணுவென்று சத்தம் வரும். முதலில் ஜெபமாலை சொல்கிறாள் என்று ரின்சி நினைத்தாள். பிறகு ஒரு நாள் வைக்கோல் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போனபோது, "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. சாப்பிட்டியா நீ? முதல்ல போய் ஒரு வாய் சாப்பிடு," என்று அம்மா யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். அம்மா மாட்டின் நெற்றியைத் தடவியபடி, முந்தானையைக் காதோடு சேர்த்துப் பிடித்து நின்றிருந்தாள். மாட்டைத் தவிர அங்கே யாருமில்லை. ரின்சி சத்தம் போடாமல் திரும்பிவிட்டாள். டிக்சனிடம் போனில் சொன்னாள். "அம்மச்சி மாட்டுகிட்ட பேசறா. எனக்குப் பயமா இருக்கு."

"மாடு பதில் சொல்லாத வரைக்கும் பயமில்ல," என்றான் அவன். பிறகு, "நீ தூங்கறியா?" என்று கேட்டான். அவள் பேச்சை மாற்றினாள்.

இப்படியே விட்டால் இரண்டு பேரும் படுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கீழ்வயலில் கப்பை, அதாவது மரவள்ளிக்கிழங்கு, முற்றி நின்றது. வழக்கமாக இந்த வெயிலுக்குப் பறித்து, சீவி, பாதி வேகவைத்து, பாறைமேல் காயப்போட்டு மழைக்காலத்துக்கு எடுத்துவைப்பார்கள். கப்பை வாட்டுவது ஒரே வீட்டால் முடிகிற வேலை அல்ல. அக்கம்பக்கம் எல்லாம் கத்தியோடு வந்து உட்காரும். சிரிப்பும் வம்பும் இருக்கும். ஒருநாள் முழுக்க டிவிப்பக்கம் யாரும் போக முடியாது.

"நாளன்னைக்குக் கப்பை வாட்டிடலாம்," என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன பைத்தியமா? இங்க மனுஷன் உயிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கான், உனக்குக் கப்பையா?"

"விட்டா நார் விட்டுப் போயிடும் சாச்சா."

"போகட்டும். எல்லாம் போகட்டும்."

"வாட்டலாம்," என்றாள் அம்மா. "பாப்பச்சன்கிட்ட சொல்லி வார்ப்பு கேட்டு வைங்க. நம்ம பாத்திரம் பத்தாது."

அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

கப்பை வாட்டும் நாள் காலையில் முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சீவ ஆரம்பித்திருந்தார்கள். பாப்பச்சன் கடையைச் சாத்திவிட்டு, பெரிய செம்பு வார்ப்பைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார். அடுப்புக் கூட்டுவதில் அவருக்கும் அப்பாவுக்கும் தகராறு.

"கல்லை இப்படி வெச்சா வார்ப்பு சாயும்டா," என்றார் அப்பா.

"நாப்பது வருஷமா வைக்கறேன், இதுவரைக்கும் சாயல."

"இதுவரைக்கும் உன் தலையும்தான் கழுத்துமேல நிக்குது. அதுக்காக நல்ல தலைன்னு அர்த்தமா?"

பெண்கள் சிரித்தார்கள். அப்பாவின் உதட்டோரத்திலும் ஏதோ அசைந்தது. அதைப் பார்த்து ரின்சிக்கு மனம் குளிர்ந்தது. அந்த நேரத்தில்தான் அவள் போன் அதிர்ந்தது. எபின் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். கிணற்றடிக்குப் போய்க் காதில் வைத்தாள்.

"சேச்சி, நாங்க கிளம்பறோம். ஸ்டேஷனுக்கு நடந்துதான் போகணும். வண்டி எதுவும் இல்ல. மேற்குப் பக்கம் போற ரயில்ல ஏற முடிஞ்சா ஏறிடுவோம். போன்ல சார்ஜ் இல்ல. வீட்ல சொல்லாத." நடுவில் காற்றின் இரைச்சல். கடைசியில், "பயமா இருக்கு," என்று ஒரு வார்த்தை. அதோடு முடிந்தது.

திருப்பிக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வட்டத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்தாள். கிழங்கின் மேல்தோலைச் சீவி, உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புத் தோலை நகத்தால் நெம்பி உரித்தாள். ஒரே கிழங்கை மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எபின் கூப்பிட்டானா மோளே?" என்று எதிரில் இருந்த பக்கத்து வீட்டு மூதாட்டி குஞ்ஞேலி சேடத்தி கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். அடுப்படியிலிருந்து அப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் பேசினான். ரொட்டி சாப்பிட்டானாம். நல்லாத் தூங்கினானாம். கப்பை வாட்டறோம்னு சொன்னேன், எனக்கும் கொஞ்சம் எடுத்து வைங்கன்னான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் நீண்டுகொண்டே போனது அவளுக்கே கேட்டது.

அம்மா கத்தியைக் கூடையில் வைத்துவிட்டு எழுந்தாள். "ரின்சி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும். வா."

கொட்டகைக்குப் பின்னால் போனதும் அம்மா இடுப்பு மடிப்பிலிருந்து தன் போனை எடுத்தாள். "அவங்க காலையிலேயே நிலவறையை விட்டுக் கிளம்பியாச்சு. நடந்து போறாங்க. எல்லாரோட போனும் செத்துக் கிடக்கு. உன்கிட்ட பேசினான்னு நீ சொல்றது எந்த எபின்?"

ரின்சி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு… எப்படித் தெரியும்?"

"சுஹரா சொன்னா."

"எந்த சுஹரா?"

"மஞ்சேரிக்காரி. அவ பொண்ணு ஹிபா நம்ம பையன் கூடத்தான் அந்தக் குழியில இருந்தா. பிள்ளைகளோட பெத்தவங்க எல்லாம் சேர்ந்து வாட்ஸாப்ல ஒரு குழு வெச்சிருக்காங்க. அதுல நம்பர் கிடைச்சு அவளே கூப்பிட்டா. அந்தப் பொண்ணு தாய்கிட்ட எதையும் மறைக்காது. தண்ணி இல்லாம பனியை உருக்கிக் குடிச்சது, எபினுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சது, எல்லாம் சொல்லும். சுஹராவுக்குத் தாங்காது. வீட்ல வேற ஆள் இல்ல, புருஷன் கத்தார்ல. எனக்குப் போன் பண்ணி அழுவா. நான் அவளைச் சாப்பிடச் சொல்வேன். அவ போனை வெச்சப்புறம் நானும் போய்ச் சாப்பிடுவேன். சாப்பிட்டேன்னு அவகிட்ட பொய் சொல்ல முடியாதில்ல?"

"காய்ச்சலா?" என்றாள் ரின்சி. அதை எபின் அவளிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ம். இறங்கிடுச்சு. ஹிபாதான் மாத்திரை கொடுத்துப் பாத்துக்கிட்டா."

மாடு தலையை ஆட்டிக் கழுத்துக் கயிற்றை இழுத்தது. ரின்சி அதைப் பார்த்தபடியே கேட்டாள். "இத்தனை நாளா ஏன் அம்மச்சி ஒரு வார்த்தை சொல்லல? நான் தினமும் சூப்பு, சீட்டுன்னு ஆடிக்கிட்டு இருக்கேன்…"

"எப்படிச் சொல்றது? புருஷனை விட்டுட்டு வந்து எங்களுக்காக அவ்வளவு பாடுபட்டுச் சிரிச்சிட்டு இருந்தே. அதைக் கெடுக்க மனசு வரல." அம்மா அவள் தலையில் ஒட்டியிருந்த கப்பைத் தோலை எடுத்துப் போட்டாள். "ஆனா இன்னைக்குப் போதும். சாச்சன்கிட்ட சொல்லிடலாம்."

"ஐயோ வேண்டாம். பிரஷர் ஏறிடும். ரயில்ல ஏறினதும் சொல்லிக்கலாம்."

"ஏறலைன்னா? அப்போ என்ன கதை வெச்சிருக்கே?"

ரின்சி வாளியை எடுத்து மாட்டுக்கு முன்னால் வைத்தாள்.

"அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கற? நாம சொல்லாததைத்தான் அவர் அந்த டிவியில தேடிட்டு இருக்காரு," என்றாள் அம்மா. "யார் சொல்றது, நீயா நானா?"

"நானே சொல்றேன். பொய் சொன்னது நான்தானே."

வார்ப்பில் தண்ணீர் கொதித்து, முதல் கூடைக் கப்பை உள்ளே போயிருந்தது. அப்பா நீளக் கம்பால் கிளறிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை புருவத்தில் தேங்கி நின்றது. ரின்சி அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, குரலை உயர்த்தாமல், மறைக்காமல் சொன்னாள். நிலவறையில் நிஜமாக என்ன இருந்தது, காய்ச்சல், இன்று காலை கிளம்பியது, நடை, போன் கிடைக்காதது, கடைசியில் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தை வரைக்கும். சொல்லச் சொல்ல அவர் கிளறிக்கொண்டேயிருந்தார். ரின்சி அவர் முகத்தையே பார்த்தாள். எந்த நேரமும் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்தாள். அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை.

"ஸ்டேஷனுக்கு எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

"நடந்தா ரெண்டு மூணு மணி நேரம் ஆகும்னு அவன் கூட இருக்கற ஹிபாங்கற பொண்ணு அவங்கம்மாகிட்ட சொல்லியிருக்கா."

"பனியா?"

"பனிதான்."

அவர் கம்பை வார்ப்பின் விளிம்பில் சாய்த்துவைத்தார். "மாசப் பொறப்புல கூப்பிட்டான். சிலபேர் கிளம்பறாங்க சாச்சா, நானும் டிக்கெட் போடட்டுமான்னு கேட்டான். எவனோ எதையோ சொல்றான்னு படிப்பை விட்டுட்டு வருவாங்களா, பரீட்சையை முடிச்சிட்டு வான்னு நான்தான் சொன்னேன். நான்தான்." முற்றத்தில் சீவிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின.

"உங்க தப்பு ஒண்ணுமே இல்ல சாச்சா. யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு? அப்படியெல்லாம் நினைக்காதீங்க…" ரின்சி படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அவளுடைய ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

அம்மா வந்து அவருக்கு எதிரே நின்றாள். "ஆமா. நீங்கதான் சொன்னீங்க."

ரின்சி திடுக்கிட்டு, "அம்மச்சி!" என்றாள்.

"சொன்னாருதானே? பக்கத்துல நானும் இருந்தேன். 'சாச்சன் சொல்றது சரிதான் மோனே'ன்னேன். அவனும் சரின்னான். தெரிஞ்ச வரைக்கும் மூணு பேரும் யோசிச்சோம். அதுக்கு மேல நமக்குத் தெரியல. இதை நீங்க ஒருத்தரே தூக்கிட்டு அலையாதீங்க. என் பங்கை எனக்குக் கொடுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த விறகுக்கட்டைமேல் உட்கார்ந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது ரின்சி பார்த்ததே இல்லை. நிறுத்த வேண்டும் என்று ஓடியவளை அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மூன்று பேரும் அந்த வெக்கையில் அப்படியே இருந்தார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை. ரின்சிக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. தீக்கோய் ஊருக்கு வந்து இறங்கியதிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை.

பாப்பச்சன் சத்தமில்லாமல் வந்து கம்பை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கிளறினார். பிறகு, "தேவஸ்யாச்சா, நீ அழறதெல்லாம் சரி. கப்பை குழைஞ்சு போயிட்டா என்னைச் சொல்லக் கூடாது," என்றார்.

துண்டுக்குள்ளிருந்து அப்பா சொன்னார்: "விளிம்புல கிளறு. நடுவுல குத்தாத. கழுதை."

"அப்படி வா," என்றார் பாப்பச்சன்.

வேலை மறுபடி நடந்தது. ஆனால் இப்போது எல்லோருக்கும் விஷயம் தெரியும் என்பதால் யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. குஞ்ஞேலி சேடத்தி சீவிக்கொண்டே மாதாவின் மன்றாட்டைச் சொன்னாள். மற்றவர்கள் பதில் சொன்னார்கள். பாதி வெந்த கப்பையைக் கூடையில் வடித்து, ஆவி பறக்கப் பறக்கத் தலைச்சுமையாக மேல்பாறைக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். ஈஸ்டர் நோன்புக்காலம் என்பதால் மீனில்லை. வெந்த கப்பையைக் காந்தாரி மிளகாய்த் துவையலில் தொட்டுக்கொண்டு பால் விடாத கட்டன்காப்பி குடித்தார்கள். அப்பா சாப்பிட்டார். காரம் ஏறிக் கண்ணில் நீர் வந்தபோது, "இது மிளகாய்," என்று ரின்சியிடம் சொன்னார். அடிக்கடி, "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார். "இல்ல சாச்சா," என்றாள் அவள். வரவில்லை என்று சொல்வது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வெயில் சாய்ந்து, பாறையில் கடைசிக் கூடையைப் பரப்பிக்கொண்டிருந்தபோது அம்மாவின் இடுப்பில் போன் அடித்தது. அவள் கை முழுக்கக் கப்பைப் பசை. ரின்சிதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"த்ரேஸ்யாம்ம சேச்சீ!" மறுமுனையில் ஒரு பெண் மூச்சுத் திணறினாள். "ஏறிட்டாங்க! முதல் ரயில்ல ஏற முடியல. அடுத்ததுல ஏறிட்டாங்க. எல்லாரும் இருக்காங்க. ஹிபா யாரோட போன்லயோ பேசினா. எபின் பக்கத்துல நின்னுட்டே தூங்கறானாம். நின்னுட்டே!"

"நின்னுட்டேவா?" என்றார் அப்பா.

"யாரு, எபினோட வாப்பாவா? ஆமா காக்கா, நின்னுட்டேதான். உட்கார இடமில்ல. விழவும் இடமில்ல!" அவர்கள் பேச்சில் வாப்பா என்றால் அப்பா, காக்கா என்றால் அண்ணன்.

அப்பா பாறைமேல் காலை நீட்டி உட்கார்ந்து, முதலில் சிரித்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, அதுவரை பார்த்திராத அந்தப் பெண்ணிடம், "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகும் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை. எல்லையில் கடுங்குளிரில் காத்துக் கிடந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் தங்கினார்கள். விமானத்துக்குப் பெயர் வருவதும் தள்ளிப்போவதுமாக இருந்தது. ஆனால் எபின் இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னான். "கால்ல கொப்புளம் சாச்சா," என்றால், "எந்தக் கால்?" என்று கேட்டார் அப்பா. டிவியை அவர் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தார். கேபிளைத் தளர்த்திய கதையை ரின்சி ஒப்புக்கொண்டபோது, "அன்னைக்கே தெரியும். கேபிள்காரன் கடையில என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தான்," என்றார்.

நெடும்பாசேரி விமான நிலையத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. கேமராக்காரர்கள் ஒருபக்கம், பூங்கொத்துக்காரர்கள் ஒருபக்கம். அம்மா கூட்டத்தில் யாரையோ தேடினாள். கருப்பு பர்தாவும் பச்சை முக்காடுமாகக் குள்ளமான ஒரு பெண் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ, "விமானம் இறங்கிடுச்சான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்," என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள்.

"சுஹரா."

அவள் திரும்பினாள். "சேச்சியா? இவ்வளவு உயரமா நீங்க?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பில், பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததைக் கவனிக்கவில்லை. எபின்தான் வந்து அம்மாவின் தோளைத் தட்டினான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, யாருடையதோ ஒரு பெரிய கோட்டைப் போட்டிருந்தான். அப்பா அவன் தலையிலிருந்து கால்வரை கையால் தடவிப் பார்த்தார். "நாறுறடா," என்றார். "குளிச்சு எத்தனை நாளாச்சு?" ஹிபா ஒல்லியான பெண். அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அவள் காதில் என்னவோ சொன்னாள். அது என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த எபின் மணிக்கணக்காகத் தூங்கினான். எழுந்து, கப்பை, சோறு என்று கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டான். பாப்பச்சன் வந்து கிளாஸ்கள் இல்லாமலே போர் பற்றிப் பேச்செடுத்தபோது அப்பா அவரைப் பார்வையாலேயே அடக்கினார். ரின்சி மறுநாள் அங்கமாலிக்குக் கிளம்புவதாக இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று டிக்சனிடம் சொல்லியிருந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எதிர்மலைக் கோவிலில் திருவிழா. அங்கே கதினா என்னும் இரும்புக்குழல் வேட்டு வெடிப்பார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. முதல் வெடி மலையில் மோதி எதிரொலித்தது. தட்டு தரையில் விழுந்து உருண்டது. எபினின் நாற்காலி காலியாக இருந்தது. குனிந்து பார்த்தால், மேசைக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை உள்ளே புதைத்து உட்கார்ந்திருந்தான். முதுகு நடுங்கியது.

"எபின், அது கோவில் வெடிடா, ஒண்ணு…" ஒண்ணுமில்லை என்று சொல்ல வாயெடுத்த ரின்சி, அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கி, தலையைக் குனிந்து, மேசைக்கு அடியில் மகனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கோவில் வெடிதான்," என்றார். "இன்னும் வரும். எத்தனைன்னு எனக்குத் தெரியாது."

"தெரியும் சாச்சா. கோவில்னு எனக்கும் தெரியுது. ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது."

"கேக்க வேண்டாம். இருக்கட்டும்."

அடுத்த வெடி வந்தது. எபின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவர் விரல் வலித்திருக்க வேண்டும்; முகம் சுளிக்கவில்லை. அம்மா சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள். பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டு, மோர்க்குழம்பை ஊற்றி, மேசைக்கு அடியில் நீட்டினாள்.

"ஆறிடும். அங்கேயே சாப்பிடுங்க," என்றாள்.

ரின்சி அங்கமாலிக்குப் போன் பண்ணினாள். "நாளைக்கு வரல டிக்சா. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"ஏன், என்ன ஆச்சு? எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னியே?"

"முழுசா சரியாகல," என்றாள் அவள். மேசைக்கு அடியிலிருந்து அப்பா, "உப்பு பத்தல," என்று குரல் கொடுத்தார். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உப்பு எடுக்க அடுக்களைக்குப் போனாள்.